பூசணி ரொட்டிக்கு முதல் வெட்டு

1979ஆம் வருஷம் நவம்பர் 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிஷம். இரவு பதினொன்றரைக்குப் பிடித்த மழை நாலு மணிக்குத்தான் விட்டிருந்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. திண்டுக்கல் ரோட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. விளாங்குடியில் என் வீட்டின் பின்பக்கம், கணுக்கால் அளவு சேற்றில் நின்று பூசணிக்காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று. முந்தின நாள் மாலையிலும் முப்பத்தொன்றுதான். மழை பெய்திருக்கிறதே, ஒன்றிரண்டு அழுகிப் போயிருக்குமோ என்ற கவலையில் மறுபடியும் எண்ணினேன்.

முப்பத்து நாலு வருஷம் ஒரு மில்லின் டைம் ஆபீசில் இருந்தவன் நான். ஆட்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிமிஷக் கணக்கில் எழுதியே பழகிய கை. ரிட்டயராகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எண்ணுவதற்கு ஆள் கிடைக்காததால் காய்களை எண்ணினேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அது பாதிதான் உண்மை. அந்த நாட்களில் நான் பயந்து பயந்து எண்ணியது அவள் எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்பதை.

அக்டோபர் 24ஆம் தேதி அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனில் குறை ஒன்றுமில்லை. ஆனால் தையலின் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு புண் ஆறாமல் ஈரமாகவே இருந்தது. அவளுக்கு வாயில் எதுவும் இறங்கவில்லை. கிளம்பும்போது எடை பார்த்தார்கள்: முப்பத்தாறரை கிலோ. டாக்டரம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டிசம்பர் பத்தாம் தேதி கூட்டிட்டு வாங்க. ரெண்டு கிலோவாவது ஏறியிருக்கணும், புண்ணு காஞ்சிருக்கணும். இல்லேன்னா மறுபடி சேத்து மறுபடி தையல் போட வேண்டியிருக்கும்." அந்த இரண்டாவது 'மறுபடி'யில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் ஒரே மகன் வடக்கே வேலையில் இருந்தான். அவனும் மருமகளும் பத்து நாள் இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு சமையல் நான்தான். குழைந்த சோறு, ரசம், கஞ்சி. அவள் மூன்று வாய் சாப்பிடுவாள். நான் நின்று பார்த்தால் ஐந்து.

எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ரொட்டிப் பாக்கெட் வாங்கி வருவார்கள். உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் யாரும் அதைத் தின்று நான் பார்த்ததில்லை. காய்ச்சல்காரனுக்கும் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்கும் ஆனது அது. பன்னிரண்டு நாளில் பதினேழு பாக்கெட் வந்து சேர்ந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அதப் பாத்தாலே ஆஸ்பத்திரி வாடை வருது. அங்கிட்டு கொண்டு போங்க."

வந்தவர்களுக்குப் பதில் மரியாதையாக ஆளுக்கொரு பூசணிக்காய் கொடுத்தேன். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் நாலு கிலோ காயை இடுப்பில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார்கள். பிறகு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மழைதான் காரணம் என்று அவள் சொன்னாள். எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தக் கொடி அவள் போட்டது. ஆடி மாதம் குப்பைக்குழி ஓரத்தில் நாலு விதை ஊன்றினாள். நாலுதான், எண்ணிக் கொடுத்தவன் நான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதிக்கு மேல் பிஞ்சுதான். திரும்பி வந்தபோது கொடி குளியலறைக் கூரையில் ஏறி, வேலி தாண்டி, அடுத்த மனையில் இறங்கியிருந்தது. கட்டிலிலிருந்து பின்வாசலுக்கு இருபத்திரண்டு அடி. அவள் ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை. தினமும் காலையில் நான் வந்து எண்ணிக்கை சொல்வேன். "சரி" என்பாள்.

முந்தின நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் டீச்சர் வந்தார். ரொட்டிப் பாக்கெட் இல்லை. ஒரு எவர்சில்வர் தட்டு, மேலே இன்னொரு தட்டு. மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் நெய்யும் கலந்த சூடான வாசனை அறை முழுவதும் பரவியது. உள்ளே காவி நிறத்தில் நாலு துண்டுகள்.

"அக்கா, நீங்க குடுத்த காய்தான்."

அவள் தலையைத் திருப்பினாள். "நம்ம காயா?"

"அண்ணன் நாலு காய் தந்தாரு. கூட்டு வச்சேன், சாம்பார் வச்சேன், அல்வாக்கூட கிண்டிப் பாத்துட்டேன். இன்னொரு நா பூசணின்னா ஓட்டல்ல போயி சாப்பிட்டுக்குவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அதான் ரொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

ரொட்டி என்றதும் தட்டை நோக்கி நீண்ட அவள் கை பின்னால் போனது. டீச்சர் விடவில்லை. "கடை ரொட்டி இல்லக்கா இது. ஈஸ்ட் கெடையாது, புளிக்க வைக்கிறது கெடையாது. ஆப்ப சோடாதான். நான் படிச்ச ஹாஸ்டல்ல ஒரு சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் மெல்லவில்லை. பிறகு மென்றாள். ஒன்பது வாய். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல நின்று எண்ணினேன்.

"இனிப்பு காயோடதுதான்," என்றாள் டீச்சரிடம். "சீனி கொஞ்சமாத்தான் போட்டிருக்கே."

டீச்சரின் பின்னாலேயே வாசல் வரை ஓடினேன். நாளைக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டேன். அவரிடம் மூடியில் கண்ணாடி வைத்த, வட்டமான கரண்ட் அடுப்பு ஒன்று உண்டு.

"அண்ணே, இத எடுத்த கையோட அடுப்புக் கம்பி எரிஞ்சு போச்சு. புதுசு மெட்ராஸ்லேருந்து வரணுமாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வழியும் சொன்னார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டு ஆட்கள் கேக் மாவைக் கொண்டுபோய் அங்கேதான் வேகவைத்து வாங்குவார்கள். செய்முறையை எழுதிக் கொடுத்தார். தன் தகர அச்சையும் தருவதாகச் சொன்னார்.

"மைதா ரெண்டு கப்புன்னு போட்டிருக்கீங்களே டீச்சர், எந்தக் கப்பு?"

"எதுவா இருந்தா என்னண்ணே, எல்லாத்துக்கும் அதே கப்பு."

"கிராமுக்கு எம்புட்டு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ரேஷன் கடையா வச்சிருக்கேன்?"

அவர் வீட்டுக்கே போய், அச்சையும் அவர் கப்பையும் வாங்கி வந்து, அந்தக் கப்பால் மைதாவை அளந்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். அதுதான் சனிக்கிழமை இரவு நான் செய்த வேலை.

ஞாயிறு காலை எண்ணி முடித்ததும் பெரியதாக ஒன்றைப் பறித்தேன். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டக்கூடாது, முதல் வெட்டை ஆண்தான் போட வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் நடைமுறை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கல்யாணமான முப்பத்திரண்டு வருஷமும், பூசணி சமைக்கிற நாளில் அவள் காயையும் அரிவாளையும் கொண்டு வந்து என் முன்னால் வைப்பாள். நான் ஒரு வெட்டுப் போட்டுப் பிளப்பேன். உடனே, "எந்திரிங்க, மிச்சம் என் வேலை" என்பாள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களிலும் காய் வந்து முன்னால் உட்கார்ந்துவிடும். காயை வெட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு வெட்டினேன். பிளந்த சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க சத்தம்?"

"பூசணி."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். 'எந்திரிங்க' வரவில்லை. கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது, அவள் திரும்பிப் படுத்திருப்பாள். மிச்சத்தையும் நானே செய்தேன். தோல் சீவி, துருவி, இரண்டு விரல் முட்டியையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். மைதா, நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய், மூன்று முட்டை, சோடா, ஏலக்காய். எல்லாம் கிராம் பிசகாமல். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு மாவு தயார். அச்சில் ஊற்றி, குச்சி விட்டு உயரம் பார்த்தேன்: ஒன்றே கால் அங்குலம். துணி போட்டுக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து, சிந்திவிடக்கூடாதே என்று பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். ஆரப்பாளையம் போய்ச் சேர எட்டு நாற்பத்தொன்று. பேக்கரியில் பன் தட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். எட்டு ஐம்பத்திரண்டுக்கு என் தகரம் அடுப்புக்குள் போனது.

ஐம்பது நிமிஷம் கழித்து மாஸ்டர் அதை நீளமான மரத் துடுப்பில் வெளியே எடுத்தார். நாற்பது வயதிருக்கும், மாவு படிந்த புருவம். தட்டிப் பார்த்தார். செங்கல்லைத் தட்டுகிற சத்தம்.

"அண்ணே, வீடு கட்றீங்களா?"

குச்சியை எடுத்து அளந்தேன். ஒன்றே கால் அங்குலம். போன உயரத்திலேயே திரும்பி வந்திருந்தது.

"சோடா போட்டது எப்போ?"

"எட்டு பத்து."

"உள்ள போனது?"

"எட்டு அம்பத்திரண்டு."

பக்கத்தில் பன் அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. "நாப்பத்திரண்டு நிமிஷம். சோடா உள்ளதெல்லாம் வழியிலயே மூச்சு விட்டு முடிஞ்சு போச்சுண்ணே. ஈரம் பட்டா உடனே சூடு பாக்கணும் அது. அடுப்பு வாசல்ல நின்னு கலக்கணும். இத எழுதிக் குடுத்தவங்க சொல்லலையா?"

டீச்சர் சொல்லவில்லை. அவர் அடுப்பு அவர் சமையலறையில் இருந்தது. சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

அதைத் துணிக்குள் ஒளித்து வீட்டுக்குள் கொண்டு வந்தேன். ஆனால் ஏலக்காய் வாசனையை எப்படி ஒளிப்பது?

"அது என்ன கையில?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா துணியில கட்டியிருக்கீங்க? இங்க கொண்டாங்க."

காட்டினேன். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. மறுபடி ரொட்டியில் ஒரு தட்டு. இரண்டுக்கும் ஒரே சத்தம். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது."

அவள் சிரித்து இருபத்தைந்து நாளாகியிருந்தது. எனக்கோ கண் கலங்கிவிட்டது. அரை கிலோ மைதா வீணாய்ப் போன வருத்தம் என்று அவள் நினைத்திருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது வாய் எண்ணியதையும் சேர்த்து. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் விரல் முட்டியைப் பிடித்துப் பார்த்தாள்.

"பிஞ்சைப் போயி வெட்டியிருக்கீங்க. துருவுனப்ப தண்ணி விட்டுச்சா?"

"விட்டுச்சு."

"விடத்தான் செய்யும்."

அந்த வாரம் அவள் ஒன்றும் அதிகமாகச் சாப்பிட்டுவிடவில்லை. ஐந்து வாய் ஏழாயிற்று, வியாழக்கிழமை மறுபடி ஐந்தாயிற்று. வியாழன் இரவு நான் தூங்கவில்லை. டிசம்பர் பத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை மழை இல்லை. நான் கிணற்றடியில் இருந்தேன். பின்வாசலில் ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். "விடுங்க" என்றாள். மெதுவாக வந்து, கொடிக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு காயாகக் காம்பைத் தொட்டாள், நகத்தால் தோலை அழுத்தினாள். பச்சைக் காம்பெல்லாம் தாண்டிப் போனாள். காம்பு காய்ந்து தக்கையாகிப்போன ஒன்றைக் காட்டினாள்.

"இதைப் பறிங்க. மொத்தம் எத்தனைன்னு சொன்னீங்க?"

"முப்பது. ஒண்ணு வெட்டியாச்சுல்ல."

அவள் தலையை நிமிர்த்திக் குளியலறைக் கூரையைப் பார்த்தாள். "அந்த ஓட்டு மேல இலைக்குள்ள ஒண்ணு இருக்கே. அதைச் சேத்தா?"

அதைச் சேர்க்கவில்லை. மூன்று வாரமாக, காலை ஒரு தடவையும் மாலை ஒரு தடவையும், நான் தப்பாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்து நாலு வருஷத்தில் மில்லில் யாரும் என் கணக்கில் ஓர் ஆள் பிழை கண்டதில்லை. வேறு நாளாக இருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.

மறுநாள் 25ஆம் தேதி, ஞாயிறு. காலை ஏழு மணிக்கு அவளே காயையும் அரிவாளையும் என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். காயைத் தூக்கியது நான்தான், அவள் பாரம் தூக்கக் கூடாது. ஆனால் வைத்தது அவள். அவள் கை படாமல் அது தரையில் இறங்கவில்லை. ஒரே வெட்டு. உள்ளே செக்கச் சிவந்த மஞ்சள்.

"எந்திரிங்க, மிச்சம் என் வேலை."

எழுந்தேன். சமையலறைக்குள் போய் ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

துருவியதைத் துணியில் பிழிந்து ஒரு பாத்திரத்தில் வைத்தாள். மைதாவில் சோடாவைக் கலந்து காய்ந்த மாவாகவே டப்பாவில் போட்டாள். முட்டை தனி, வெண்ணெய் தனி. சர்க்கரையில் ஒரு கைப்பிடி குறைத்தாள். எத்தனை கிராம் என்று கேட்டேன். "ஒரு கை" என்றாள்.

"எல்லாத்தையும் கட்டிக் குடு புள்ள, அங்க போயி நான் கலக்கிக்கிறேன்."

"நீங்க கலக்குனதத்தான் பாத்தேனே. நானும் வாரேன்."

வேண்டாம் என்று பதினைந்து நிமிஷம் வாதாடினேன். பிறகு ரிக்‌ஷா பிடித்து வந்தேன். அவளை ஏற்றி, முதுகுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று. நான் சைக்கிளில் பக்கத்திலேயே போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் கத்தினேன். விளாங்குடியிலிருந்து ஆரப்பாளையம் வரை நாற்பத்தாறு பள்ளம்.

"மெதுவா! மெதுவாப்பா!"

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டியூர்த் தெப்பம்கூட என்னைய முந்திரும்."

முந்தானைக்குள் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

பேக்கரியின் பின்கட்டில், அடுப்பு வாசலுக்கு ஐந்து அடி தள்ளி, மாஸ்டர் அவளுக்கு ஒரு முக்காலி போட்டார். பன்கள் வெளியே வந்துவிட்டன. அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. அவள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள்.

"தம்பி, கலக்கவா?"

"கலக்குங்கக்கா. ரொம்பப் போட்டு அடிக்காதீங்க."

"எனக்குத் தெரியும்."

டப்பாவைக் கவிழ்த்தாள். கையாலேயே, அடியிலிருந்து மேலே, பத்துப் பதினைந்து திருப்புதான். மாவு அச்சில் விழுந்தது, மாஸ்டரின் துடுப்பில் ஏறியது, உள்ளே போனது. ஒன்றரை நிமிஷம். குச்சி விட்டு அளக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

காத்திருந்தபோது அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு கண்ணில் பட்டது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏ புள்ள, அதுல ஒரு நிமிஷம் ஏறி நின்னீன்னா..."

"நான் என்ன மைதா மூட்டையா? பேசாம உக்காருங்க."

மாஸ்டர், "அக்கா மூட்டையில பாதிகூட இல்ல," என்றார். "சாப்பிடுங்கக்கா. அண்ணனைப் பாருங்க, கவலையிலயே அவரும் பாதியாப் போயிட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான். என் சட்டைக் காலர் கழுத்தை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ரொட்டி வெளியே வந்தபோது அச்சின் விளிம்பைத் தாண்டி உப்பி, நடுவில் நீளமாக வெடித்திருந்தது. ஆறட்டும் என்று மாஸ்டர் சொன்னார். அவள் கேட்கவில்லை. ஓரத்தைப் பிய்த்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதி, முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"நீ சாப்பிடு."

"நீங்க தின்னாத்தான் நான் தின்பேன்."

தின்றேன். அவளும் தின்றாள், அந்த முக்காலியிலேயே, அடுப்பு வெளிச்சத்தில், வியர்த்துக்கொண்டு. எத்தனை வாய் என்று எனக்குத் தெரியாது. என் வாயிலும் இருந்ததால் எண்ண முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு ரொட்டி இல்லை. மாஸ்டருக்கும் பன் அடுக்குகிறவருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தாள். ரிக்‌ஷாக்காரருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு அவளே வாசலுக்கு நடந்து போனாள்.

அன்று மத்தியானம் வீட்டில் சோறு கேட்டாள். நான் வைத்த ரசத்தைக் குறை சொன்னாள். மறுநாளிலிருந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை வேலை வாங்கினாள். ஒரு ரொட்டியில் உடம்பு தேறிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் டிசம்பர் பத்தாம் தேதி ஆஸ்பத்திரித் தராசின் முள் முப்பத்தொன்பதில் போய் நின்றது. டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, "காஞ்சிருச்சு. இனி வர வேண்டாம்," என்றார். நான் அவரிடம் இரண்டு பூசணிக்காய் கொடுத்தேன். கூட வந்த நர்ஸுக்கு ஒன்று.

இதை எழுதுவது 1988இல். செலவையும் எழுதிவிட வேண்டும் அல்லவா? செங்கல்லாகிப்போன முதல் ரொட்டிக்கு வேகவைத்த கூலி சேர்த்து ஏழு ரூபாய் எழுபது பைசா. இரண்டாவதற்கு ரிக்‌ஷா போகவர ஏழு ரூபாய் உட்பட பதினாலு ரூபாய் ஐம்பத்தைந்து பைசா. கூட்டினால் இருபத்திரண்டு ரூபாய் இருபத்தைந்து பைசா. காய்க்கு விலை போடவில்லை. ஒன்பது வருஷமாக இந்தத் தொகையைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், தொகை வந்ததும் நிமிர்ந்தாள்.

"கணக்கு தப்பு."

"எங்க தப்பு?"

"அந்த ரிக்‌ஷாக்காரத் தம்பி, பள்ளம் வந்த எடத்துல எல்லாம் எறங்கி வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்துச்சுல்ல. ரொட்டி குடுக்கப் போனப்ப முந்தானையில முடிஞ்சிருந்த ஒரு ரூவாயைக் கையில வச்சேன். உங்ககிட்ட சொன்னா, பேசுன கூலிக்கு மேல எதுக்குன்னு கேப்பீங்க."

கேட்டிருக்க மாட்டேன். அன்றைக்குக் கேட்டிருக்கவே மாட்டேன். அவள் நம்பவில்லை, கீரைக்குத் திரும்பிவிட்டாள். பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

மொத்தம், இருபத்து மூன்று ரூபாய் இருபத்தைந்து பைசா.